நம்ம காலத்துக்கு அப்புறம் இந்தக் கண்மாய யார் பார்ப்பா?

என் செட்டு ஆளுங்க, அதாவது எழுபதுகளோட கடைசியிலயும் எண்பதுகளோட தொடக்கத்துலயும் பொறந்தவங்க, ஊருல கல்யாணம் காதுகுத்துன்னு ஒண்ணு சேர்ந்தா இப்பல்லாம் பேச்சு சுத்திச் சுத்தி ஒரே எடத்துல வந்து நிக்குது. நமக்கு முன்னாடி இருந்தவங்க கண்மாய் வெட்டினாங்க, ஊரணி வெட்டினாங்க, கரை நெடுக பனை போட்டாங்க, ரோட்டோரம் புளியமரம் வச்சாங்க, நாம என்னத்த விட்டுட்டுப் போகப் போறோம்? ஒருத்தன் சாஃப்ட்வேர்ங்கிறான், ஒருத்தன் பிள்ளைகளைப் படிக்க வச்சதுங்கிறான், ஒருத்தன் ஒண்ணுமே சொல்லாம எந்திரிச்சுப் போயிடுறான். பிள்ளைகளைப் படிக்க வச்சது சின்ன விஷயம் இல்ல, எங்க குடும்பத்துல எனக்கு முன்னாடி யாரும் காலேஜ் வாசல் மிதிச்சது கிடையாது, அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா ஊருக்குப் பொதுவா, நூறு வருசம் கழிச்சு யாரோ ஒருத்தர் கையை நீட்டி இது அவங்க காலத்துல வந்ததுன்னு காட்டுற மாதிரி என்ன இருக்குன்னு யோசிச்சா, எங்க ஊரைப் பொறுத்தவரைக்கும் தெரியுறது போர்வெல் தான். 300 அடி, 500 அடின்னு போட்டு தண்ணி வராம கைவிட்ட குழாய்ங்க தோட்டத்துக்குத் தோட்டம் நிக்குது.

எங்க ஊரு சிவகங்கை மாவட்டம், மானாமதுரைக்குக் கிழக்கால. ஆத்துப் பாசனம் கிடையாது, வடகிழக்குப் பருவமழைதான் எங்களுக்கு எல்லாமே, ஐப்பசி கார்த்திகையில பெய்யுறதை வாங்கி வச்சுக்கிட்டா வருசம் ஓடும், இல்லன்னா இல்ல. தமிழ்நாட்டுல சுமார் 39,000 ஏரி குளம் கண்மாய் இருக்குன்னு கணக்கு சொல்றாங்க, அதுல பெரும் பங்கு எங்களை மாதிரி மழையை நம்பி ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா தொடுத்து வெட்டினதுதான், மேல ஊர்க் கண்மாய் நிறைஞ்சு கழுங்கு, அதாவது மிச்சத் தண்ணி வழிஞ்சு போற கல்லுக்கட்டு, பாஞ்சா அந்தத் தண்ணி எங்க ஊருக்கு வரும், எங்களது நிறைஞ்சா கீழ ஊருக்குப் போகும். எவ்வளவு யோசிச்சு இதைப் பண்ணியிருக்காங்கன்னு இப்ப நெனச்சாலும் எனக்கு மலைப்பாதான் இருக்கு, கையில ஒரு லெவல் மெஷின் கிடையாது, கண்ணால வாட்டம் பார்த்து கண்மாய்க்குத் தண்ணி கொண்டு வர்ற வரத்துக்காலை மைல் கணக்குல இழுத்திருக்காங்க.

சில வருசம் முன்னாடி நல்ல மழை பெஞ்ச ஒரு கார்த்திகை மாசம், மேல ஊர்க் கண்மாய் நிறைஞ்சு கழுங்கு போகுது, எங்க கண்மாய்ல முழங்கால் தண்ணிதான். அதுக்கப்புறம்தான் நாங்க கொஞ்சப் பேரு உட்கார்ந்து பேசி கண்மாயைச் சீராக்குற வேலையில எறங்கினோம், ஊருல இருக்கவங்க, திருப்பூர், சென்னை, சிங்கப்பூர்ல இருக்கவங்கன்னு எல்லாரும் சேர்ந்து. அதுல தெரிஞ்சுக்கிட்டதை இங்க எழுதி வைக்கிறேன், வேற ஊர்ல யாராச்சும் இதே நெனப்போட இருந்தா உதவும்.

முதல்ல, கண்மாயைத் தோண்டணும்னு எறங்காதீங்க. எல்லாருக்கும் மனசுல ஜேசிபி, டிப்பர் லாரி, ஆழமா ஒரு குழின்னுதான் ஓடும், போட்டோவுக்கும் அதுதான் நல்லா இருக்கும். எங்க ஊர்ல நீர்ப்பாய்ச்சியா, அதாவது வயலுக்கு முறைப்படி தண்ணி திறந்துவிடுறவரா இருந்த பெரியவர் ஒருத்தர், எண்பதைத் தாண்டினவர், அவரைக் கூட்டிட்டு கரையில நடந்தப்ப அவர் கண்மாய் உள்ள திரும்பிக்கூடப் பார்க்கல. "அப்பு, பானையைக் கழுவுறது அப்புறம், முதல்ல தண்ணி வர்ற வழியப் பாரு"ன்னு சொல்லிட்டு வரத்துக்கால் பக்கமா நடக்க ஆரம்பிச்சுட்டார். போய்ப் பார்த்தா கால்வாயே இல்ல. பாதி தூரம் வேலிக்கருவை மண்டிக் கிடக்கு, ஒரு எடத்துல வயலோட வயலா உழுதாச்சு, இன்னொரு எடத்துல ரோட்டுக்கு அடியில வச்ச குழாய் கால்வாய்த் தரையை விட உசரத்துல இருக்கு, தண்ணி அங்க வந்து தேங்கி வேற பக்கம் திரும்பிப் போகுது. கண்மாய்க்குள்ள எவ்வளவு ஆழம் தோண்டியிருந்தாலும் ஒரு சொட்டு கூடுதலா வந்திருக்காது. இன்னொண்ணும் அவர்தான் சொன்னார், வயலுக்குத் தண்ணி விடுற மடையோட மட்டத்துக்குக் கீழ தோண்டுற குழியில நிக்கிற தண்ணி வயலுக்கு ஏறாது, ஆடு மாடு குடிக்கும், சுத்துவட்டக் கெணத்துல கொஞ்சம் ஊறும், அதுவும் வேணும்தான், ஆனா அதைப் பாசனம்னு சொல்லக் கூடாது. கரையை ஒட்டியும் தோண்டக் கூடாது, கரை அடியில இருந்து நல்லாத் தள்ளித்தான் மண் எடுக்கணும், இல்லன்னா வெள்ளத்துல கரை உள்பக்கமா சரியும்.

ரெண்டாவது, காகிதம். இதுல பொறுமை வேணும், ஆனா இது இல்லாம ஒரு மம்பட்டி மண்ணு கூட அள்ள முடியாது. கண்மாய் யாருக்குச் சொந்தம்னு முதல்ல பாருங்க, ஆயக்கட்டு, அந்தக் கண்மாய்ல பாயுற நிலம், 40 ஹெக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்கு மேல இருந்தா நீர்வளத்துறை, பழைய பொதுப்பணித்துறை, அதுக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியம். எங்களது ஒன்றியக் கண்மாய். நில விவரம் இருக்க அ-பதிவேடும், நிலத்தோட அளவை வரைஞ்ச புலப்படமும் அரசாங்க இணையதளத்துலயே எடுக்கலாம், சர்வே நம்பர் தெரிஞ்சாப் போதும், அதுல வரத்துக்கால் எவ்வளவு அகலம், எந்தெந்தப் புலத்தை ஒட்டிப் போகுதுன்னு இருக்கும். எங்களுக்கு வாயால கேட்டுப் பழகின கால்வாய் வேற, படத்துல இருந்த அகலம் வேற, ரெண்டு மடங்கு. நீர்வளத்துறைக் கண்மாய்னா டேங்க் மெமோயர்னு ஒண்ணு இருக்கும், கழுங்கு நீளம், மடை எத்தனை, கொள்ளளவு எல்லாம் அதுல பதிஞ்சு வச்சிருப்பாங்க, கேட்டு வாங்குங்க. 2007ல ஏரிப் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் வந்துச்சு, அது நீர்வளத்துறை பொறுப்புல இருக்க ஏரிகளுக்கானது, அளந்து எல்லைக் கல் நடச் சொல்லிக் கேட்க அது ஒரு பிடி. ஒன்றியக் கண்மாய்க்கு கிராம சபைத் தீர்மானமும் தாசில்தார்கிட்ட மனுவும்தான் வழி. கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2ன்னு நடக்கும், இப்ப மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1ம் சேர்ந்திருக்கு. தீர்மானத்தை வாயால சொல்லிட்டு வந்துடாம நோட்டுல ஏத்தி, அதை நம்ம போன்ல படம் எடுத்து வச்சுக்கணும், அடுத்த கூட்டத்துல அதைக் காட்டிக் கேட்கலாம்.

ஆக்கிரமிப்புதான் ரொம்ப நோவான விஷயம், ஏன்னா ஆக்கிரமிச்சது யாரோ பெரிய முதலாளி இல்ல, நம்ம சித்தப்பா மகன், நம்ம பங்காளி. சர்வேயர் வந்து அளக்குறதுக்கு முன்னாடியே வீடு வீடாப் போய் உட்கார்ந்து பேசினோம், படத்தைக் காட்டினோம், உனக்கு மேல இருக்க வயலுக்காரன் இப்படியே பண்ணினா உனக்குத் தண்ணி எப்படி வரும்னு கேட்டோம். கால்வாய்ல நெல்லு போட்டிருந்த அண்ணன் ஒருத்தர், அறுப்பு முடியட்டும் நானே விட்டுத்தர்றேன்னு சொன்னார், சொன்ன மாதிரியே விட்டார். ஒருத்தர் மட்டும் கடைசி வரைக்கும் ஒத்துக்கல, அந்த எடம் அளந்து கல் நட்டுத்தான் திரும்ப வந்துச்சு, அவரோட வீட்டு விசேஷத்துக்கு எங்கள்ல பல பேருக்கு இன்னும் பத்திரிகை வர்றதில்ல. இந்த விலை இருக்கும், தெரிஞ்சுதான் எறங்கணும்.

கருவையைப் பத்தி ஒரு வார்த்தை. சீமைக்கருவேலம், நாங்க வேலிக்கருவைன்னு சொல்லுவோம், வெட்டினா மட்டும் போகாது, அடிக்கட்டையில இருந்து முன்னைவிட அடர்த்தியாத் துளிர்க்கும். 2017 வாக்குல நீதிமன்ற உத்தரவுன்னு மாவட்டம் முழுக்க வெட்டினாங்களே, அதுல தூரோட பிடுங்காத எடம்லாம் ரெண்டு மழையில பழையபடி காடாயிருச்சு, கண்ணால பார்த்தோம். வேரோட எடுக்கணும், எடுத்த எடத்துல அடுத்த ரெண்டு மூணு வருசம் முளைக்கிற கன்னைக் கையால பிடுங்கணும், ஆடு மேயுற நெத்துல இருந்து விதை பரவிக்கிட்டே இருக்கும். புறம்போக்குல இருக்க மரம் பொதுச்சொத்து, நாமா வித்துக்க முடியாது, முறையா ஏலம் விடச் சொல்லணும். அதே சமயம் கரிமூட்டம் போட்டுப் பொழைக்கிற குடும்பங்க எங்க பக்கம் நிறைய, மழை பொய்ச்ச வருசத்துல எல்லாம் அந்தக் கருவைதான் பல வீட்டுல அடுப்பெரிய வச்சுச்சு. அதனால ஊரைச் சுத்தி ஒரு மரம் விடாம அழிக்கணும்ங்கிற வெறி எனக்குக் கிடையாது, கண்மாயும் வரத்துக்காலும் அதுக்கு எடம் இல்ல, அவ்வளவுதான்.

கண்மாய்ல படியுற வண்டலை, நாங்க கரம்பைன்னு சொல்லுவோம், எடுக்க இப்ப வழி சுலபம். அனுமதி பட்டியல்ல இருக்க கண்மாய்ல விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வண்டல் இலவசமா எடுத்துக்கலாம், தாசில்தார் மட்டத்துலயே அனுமதி வாங்கலாம்னு 2024ல ஆக்கினாங்க. எங்க பக்கத்துக்கு இது ரெட்டை லாபம், வயலுக்கும் உரம், மானாமதுரை குயவர்களுக்கும் மண்ணு. உலகம் முழுக்க மேடையில வாசிக்கிற மானாமதுரை கடம் இந்தச் சுத்துவட்டக் கண்மாய் மண்ணுல இருந்து வர்றதுதான், 2023ல மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கெடச்சுச்சு. கண்மாய் போச்சுன்னா அந்தக் கைவேலையும் சேர்ந்து போகும், அதை ஊர்க்கூட்டத்துல மண்பாண்டம் செய்ற ஒரு வேளார் அண்ணன் எந்திரிச்சுச் சொன்னப்ப எங்களுக்கெல்லாம் உறைச்சுச்சு, நாங்க அதுவரைக்கும் நெல்லை மட்டும்தான் நெனச்சுக்கிட்டு இருந்தோம்.

இதெல்லாம் வேலை. நான் இதை எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் வேற.

பெரியவரோட நடந்த நடையில கழுங்குகிட்ட வந்தப்ப, அது மேல வரிசையா நட்டிருக்க கல்லுகளைக் காட்டி இது எதுக்குத் தெரியுமான்னு கேட்டார். சின்ன வயசுல அது மேல உட்கார்ந்து தூண்டில் போட்டிருக்கேன், எதுக்குன்னு கேட்டதே இல்ல. வெள்ளக் காலத்துல தண்ணி கல்லுகளுக்கு நடுவுல தாராளமாப் பாஞ்சு போகும், கரைக்கு ஆபத்து இல்ல. மழை ஓஞ்சு இனிமே பெரிய வெள்ளம் வராதுன்னு தெரிஞ்சதும் ரெண்டு கல்லுக்கு நடுவுல மண்ணும் புல்லுக்கரணையும் வச்சு அடைப்பாங்க, கண்மாய்ல அந்த உசரத்துக்குக் கூடுதலாத் தண்ணி நிக்கும், கடைசித் தண்ணிக்கு ஆகும். என்னைக்கு அடைக்கணும், எவ்வளவு உசரம் அடைக்கணும், கீழ ஊர்க்காரங்க கண்மாய் நிறைஞ்ச பெறகுதான் அடைக்கணும்ங்கிறது எல்லாத்துக்கும் ஒரு முறை இருந்திருக்கு. கல்லு இன்னும் அப்படியே நிக்குது. முறை முழுசாத் தெரிஞ்சவர் ஊர்ல அவர் ஒருத்தர்தான். அந்த நிமிசம் எனக்கு விளங்குனது, முன்னோர் விட்டுட்டுப் போனது கரையும் மடையும்னு நாம நெனச்சுக்கிட்டு இருக்கோம், கரையை எந்தக் கான்ட்ராக்டரும் ரெண்டு மாசத்துல போட்டுருவான், தண்ணியை எப்படிப் பங்கு வைக்கிறது, யார் எப்ப எந்த வேலை செய்றதுங்கிற ஏற்பாடுதான் அவங்க நூத்துக்கணக்கான வருசமா கைமாத்திக் கைமாத்திக் கொடுத்தது, அதை வாங்க வேண்டிய கை நம்மளோடது, நாம அந்த நேரத்துல ஊர்ல இல்ல.

ஏன் அறுந்துச்சுன்னு யோசிச்சா ஒரே காரணம்னு சொல்ல முடியல. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு அப்புறம் ஜமீன் கண்மாய் எல்லாம் அரசாங்கத்துக்குப் போச்சு, கவர்மென்ட் பார்த்துக்கும்னு ஊர் கையை எடுத்துச்சு. பம்புசெட் வந்துச்சு, 1990ல இருந்து விவசாய மின்சாரம் எல்லாருக்கும் இலவசம், கெணறு இருக்கவனுக்குக் கண்மாய் வேலைக்கு வர அவசியம் இல்லாமப் போச்சு. அப்புறம் நாங்க, படிச்சு வெளிய போனவங்க. யாரையும் குத்தம் சொல்ல இதைச் சொல்லல, அந்தந்த நேரத்துல அது அது நல்லதாத்தான் இருந்துச்சு.

பழசை அப்படியே தூக்கிட்டு வரணும்னும் நான் சொல்லல, இதை அழுத்திச் சொல்லணும். உத்திரமேரூர்ல பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுல ஏரி வாரியம்னு தனியா ஒரு குழு இருந்ததைப் படிச்சுப் பெருமைப்படுறோம், படலாம்தான். ஆனா வெள்ளைக்காரன் 1858ல குடிமராமத்துக்கு, அதாவது கண்மாயை ஊரே சேர்ந்து பராமரிக்கிற வேலைக்கு, வராதவங்களைக் கட்டாயப்படுத்தவே ஒரு சட்டம் போட்டான், அந்தக் கட்டாயமெல்லாம் யாரு முதுகுல விழுந்திருக்கும்னு ஊர்ல வாழ்ந்தவங்களுக்குத் தெரியும். மடை திறக்க மூச்சடக்கி முங்கினவரும், ராத்திரி பூரா கரை காத்தவரும் ஊரோட கடைசித் தெருவுல இருந்தார், கூட்டத்துல அவருக்கு உட்கார எடம் இல்ல. அந்தப் பெரியவரே என்கிட்ட சொன்னார், "எங்க அய்யா காலத்துல தண்ணி எங்க கையில, பேச்சு உங்க கையில"ன்னு. அவரோட மகன் இந்த வேலைக்கு வரலைன்னா அதுல எனக்கு வருத்தப்பட எந்த உரிமையும் இல்ல. அப்ப நம்ம தலைமுறை எதையாவது விட்டுட்டுப் போகணும்னா அது இந்த ஏற்பாட்டை நியாயமா மாத்தி விட்டுட்டுப் போறதாத்தான் இருக்கணும், இல்லன்னா பிள்ளைங்க அதைத் தூக்கிப் போட்டாலும் சரிதான்.

அதனால நாங்க என்ன செஞ்சோம்னா, பெரியவரை நாலு பக்கமும் கூட்டிட்டுப் போய் அவர் சொல்றதைப் போன்ல பதிஞ்சு, ஒரு தடிமனான நோட்டுல எழுதினோம். எந்த மடைக்கு எந்தப் புலம், முறைத்தண்ணி எந்த வரிசை, தண்ணி கம்மியான வருசத்துல யாருக்கு எவ்வளவு, கழுங்கு அடைக்கிற கணக்கு எல்லாம். சில விஷயத்துல அவரும் இன்னொரு பெரியவரும் வேற வேற மாதிரி சொன்னாங்க, ரெண்டையும் எழுதி வச்சோம். உங்க ஊர்ல இப்படி ஒருத்தர் இருந்தா மத்த வேலையெல்லாம் அப்புறம், இதை இந்த மாசமே செய்யுங்க, ஜேசிபி எப்பவும் வாடகைக்குக் கிடைக்கும், அவர் கிடைக்க மாட்டார். ஆடியோவை ஒரே போன்ல வைக்காம நாலஞ்சு பேர்கிட்ட கொடுத்து வைங்க.

நீர்ப்பாய்ச்சிக்கு மாசச் சம்பளம் வச்சோம். ஏக்கருக்கு இவ்வளவுன்னு ஆயக்கட்டுதாரர்கள்கிட்ட வசூல், மீன் குத்தகை ஒன்றியத்துக்குப் போறதால அதைத் தொட முடியாது, மீதியை வெளியூர்ல இருக்கவங்க போடுறாங்க. எந்தத் தெருக்காரரும் வரலாம்னு சொல்லித்தான் ஆள் கேட்டோம், இப்ப பார்க்கிறது சென்ட்ரிங் வேலையை விட்டுட்டு ஊர் திரும்பின ஒரு தம்பி, கூட்டத்துல அவனுக்குன்னு நாற்காலி உண்டு, அவன் சொல்லாம கழுங்குல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு தீர்மானம். கணக்கு எழுதுறது மகளிர் குழு. நூறு நாள் வேலையில கால்வாய்ல எறங்கி மண் சுமந்தது அவங்கதான், எந்த எடத்துல எவ்வளவு தூர் இருக்குன்னு எங்களைவிட அவங்களுக்குத்தான் தெரியும், ஆனா அதுவரைக்கும் கண்மாய்க் கூட்டத்துல ஒரு பொம்பளை பேசி நான் கேட்டதில்ல. வரவு செலவை அன்னைக்கன்னைக்கு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுருவாங்க, டீச் செலவு வரைக்கும். பணம் கேட்டுப் பேச்சு வந்து வேலை நிக்கிறதைத்தான் பல ஊர்ல பார்த்திருக்கோம், இதுல கறாரா இருங்க. தனியா ஆரம்பிக்கத் தயக்கமா இருந்தா மதுரையில தானம் அறக்கட்டளை மாதிரி அமைப்பு இருக்கு, கண்மாய் விவசாயிங்களை வயலகம்னு சங்கமாச் சேர்த்து ரொம்ப காலமா வேலை செய்றாங்க, போய்ப் பேசிப் பாருங்க. 2017ல அரசாங்கம் குடிமராமத்துன்னு திரும்பக் கொண்டு வந்தப்ப விவசாயிங்க பங்கு 10 சதவீதம்னு வச்சாங்க, அந்தப் பங்கைக் காகிதத்துல மட்டும் காட்டாம நெசமா ஊர் போட்ட எடத்துல வேலை நின்னுருக்கு, இல்லாத எடத்துல போர்டு மட்டும் நிக்குது.

கரையோட வெளிச்சரிவுல பனை விதை போட்டிருக்கோம். ஆவணி புரட்டாசியில பழம் விழுகும்போதே கொட்டையைப் பொறுக்கி மழைக்கு முன்னாடி ஊனிடணும், கரை மேல வண்டி போற தடத்தை விட்டுத் தள்ளி, கொட்டைக்குக் கொட்டை பத்தடியாவது எடைவெளி வேணும், தண்ணி ஊத்தத் தேவையில்ல, ஆடு மேயாமப் பார்த்தா போதும். பாளை விட 15, 20 வருசம் ஆகும். எங்க பசங்களை ஸ்கூல் லீவுல கூட்டிட்டுப் போய் அவங்க கையால ஊன வச்சோம். என் மக கேட்டா, "அப்பா, நொங்கு எப்ப வரும்?"னு. உனக்குக் கல்யாணமாகி உன் பிள்ளை ஓடியாடுறப்பன்னு சொன்னேன். அப்ப சரின்னு சொல்லிட்டு அடுத்த கொட்டையை எடுக்கப் போயிட்டா.

இன்னும் ஒரு விஷயம் முடியாமக் கெடக்கு. நோட்டுல கீழ ஊர்க்காரங்க பேரையும் பங்கையும் சேர்க்கணுமான்னு ரெண்டு கூட்டமாப் பேச்சு ஓடுது. நம்ம உழைச்சு நம்ம கொண்டு வந்த தண்ணிதானே, அவங்க என்ன செஞ்சாங்கன்னு பாதிப் பேரு கேட்கிறாங்க. மேல ஊர்க்காரங்க எங்களுக்கு அப்படிச் சொல்லியிருந்தா எங்க கண்மாய்ல இன்னைக்கும் முழங்கால் தண்ணிதான், அதனால சேர்க்கணும்கிறதுதான் என் பேச்சு. அக்டோபர் 2 கிராம சபைக்குக் கீழ ஊர்ல இருந்தும் நாலு பேரை வரச் சொல்லியிருக்கோம், கழுங்கு அடைக்கிற தேதியை ரெண்டு ஊரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதி, நோட்டுல ஒரு பிரதி அவங்ககிட்டயும் இருக்கணும்னு கேட்கப் போறேன்.